பேட்ச் கோப்பைப் படிப்பதும் பொருத்துவதும்: டெர்மினலுக்குப் புதியவர்களுக்கு

"பேட்ச் அனுப்பியிருக்கிறேன், போட்டுப் பார்." மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் வேலைக்குச் சேரும் இளைஞர் முதல் மாதத்திலேயே கேட்கும் வாசகம் இது. அனுப்பியவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பேட்ச் என்பது மூலக் கோப்பில் எதை நீக்கி எதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு. கோப்பைத் திறந்தால் சில வரிகளின் முன்னால் கழித்தல் குறியும் சிலவற்றின் முன்னால் கூட்டல் குறியும் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலக் கோப்பில் ஒவ்வொரு வரியாகக் கையால் மாற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். நாலு வரி என்றால் பரவாயில்லை. நாற்பது கோப்பு என்றால் மாலை பஸ் போய்விடும், எங்கேனும் ஒரு வரி விட்டும் போகும்.

அலுவலகத்தில் மட்டும் இந்தத் தேவை வருவதில்லை. மொரீஷியஸில் பல கோவில் சங்கங்களுக்கு இப்போது இணையதளம் இருக்கிறது. அதைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒருவர் ரோஸ் ஹில்லில், ஒருவர் குவாட்ர போர்னில், இன்னொருவர் படிக்கப் போன ஊரில். மூவரும் ஒரே கோப்பை வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டால், தைப்பூசக் காவடி நெருங்கும் வேளையில் எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாது. முழுக் கோப்பை அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்பினால் அந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அதற்குத்தான் டிஃப், பேட்ச், கிட் ஆகிய மூன்று கருவிகளும்.

இவை புதியவை அல்ல. டிஃப் 1970களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். அந்த வேறுபாட்டை வாங்கி இன்னொருவரின் கோப்பில் பொருத்தும் பேட்ச் என்னும் நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட்டை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதுவதற்கு முன், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்கான மாற்றங்கள் பல ஆண்டுகள் மின்னஞ்சலில் பேட்ச் கோப்புகளாகவே போய் வந்தன. இன்றும் கணிசமாக அப்படித்தான் வருகின்றன.

தட்டுவதற்கு முன்

இங்கே கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டிஃப் என்பது டி, ஐ, எஃப், எஃப். பேட்ச் என்பது பி, ஏ, டி, சி, எச். கிட் என்பது ஜி, ஐ, டி. நகலெடுக்கும் கட்டளை சி, பி என்ற இரண்டே எழுத்து, இரண்டு இடத்திலும் பாரிஸின் பி. எல்லாம் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன், அதைக் கவனியுங்கள். சிறிய ஆரும் பெரிய ஆரும் இங்கே வேறு வேறு வேலை செய்கின்றன.

லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலைத் திறந்தால் டிஃப்பும் பேட்ச்சும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் கிட் ஃபார் விண்டோஸை நிறுவினால் கிட் பாஷ் என்ற முனையம், அதாவது டெர்மினல், கிடைக்கும், மூன்று கருவிகளும் அதிலேயே அடக்கம். ஒவ்வொரு பெயரையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கோடும் வெர்ஷன் என்ற சொல்லும் சேர்த்துப் பாருங்கள். எண் வந்தால் கருவி இருக்கிறது.

ஒரு மாற்றத்தைப் பிடித்தல்

முதலில் பழகுவதற்கு ஒரு சிறிய கோப்பு. நம் நாட்டில் தேதி மாறாமல் வரும் அரசு விடுமுறைகளை வரிக்கு ஒன்றாக எழுதி, பழைய.உரை என்று சேமியுங்கள்:

```
ஜனவரி 1 புத்தாண்டு
ஜனவரி 2 புத்தாண்டு
பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள்
மார்ச் 12 தேசிய நாள்
மே 1 தொழிலாளர் நாள்
நவம்பர் 1 ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள்
டிசம்பர் 25 கிறிஸ்துமஸ்
```

ஆறாவது வரியில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்திருக்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த அட்லாஸ் கப்பல் போர்ட் லூயி துறைமுகத்துக்கு வந்தது 1834 நவம்பர் 2ஆம் தேதி. விடுமுறையும் அன்றுதான். மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, நகலில் திருத்துங்கள்:

```
சிபி பழைய.உரை புதிய.உரை
```

புதிய.உரை கோப்பைத் திறந்து நவம்பர் 1 என்பதை நவம்பர் 2 ஆக்கிச் சேமித்துவிட்டு இதைத் தட்டுங்கள்:

```
டிஃப் -யூ பழைய.உரை புதிய.உரை > திருத்தம்.பேட்ச்
```

திரையில் ஒன்றும் வராது. விளைவு எல்லாம் திருத்தம்.பேட்ச் கோப்புக்குள் போய்விட்டது. அம்புக்குறியையும் அதற்குப் பின்னால் உள்ள பெயரையும் விட்டுவிட்டுத் தட்டினால் அதையே திரையில் பார்க்கலாம். அப்போதும் ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டு கோப்பும் ஒன்றேதான், திருத்தியதைச் சேமிக்க மறந்திருப்பீர்கள். டிஃப்புக்குச் சொல்ல எதுவும் இல்லையென்றால் அது வாய் திறக்காது.

யூ என்ற தெரிவை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமலும் டிஃப் ஓடும். ஆனால் சுற்றுவரிகள் இல்லாத பழைய வடிவத்தில் தரும். இன்று யாரும் அந்த வடிவத்தில் பேட்ச் அனுப்புவதில்லை, அனுப்பவும் கூடாது.

படித்தல்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். என்னைக் கேட்டால் கட்டளைகளைவிட இதற்கே அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். திருத்தம்.பேட்ச் கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

```
--- பழைய.உரை
+++ புதிய.உரை
@@ -3,5 +3,5 @@
 பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள்
 மார்ச் 12 தேசிய நாள்
 மே 1 தொழிலாளர் நாள்
-நவம்பர் 1 ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள்
+நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள்
 டிசம்பர் 25 கிறிஸ்துமஸ்
```

முதல் இரண்டு வரிகள் எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்புக்கு என்பதைச் சொல்கின்றன. பெயருக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் இருக்கும், இங்கே விட்டுவிட்டேன். மூன்றாவது வரிதான் பலரை மிரட்டுவது. பழைய கோப்பில் 3ஆவது வரியில் தொடங்கி 5 வரிகள், புதிய கோப்பிலும் 3ஆவது வரியில் தொடங்கி 5 வரிகள். அவ்வளவுதான் அதன் பொருள். அதன் கீழே வருவது ஒரு துண்டு. ஒரு பேட்ச்சில் எத்தனை துண்டுகளும் இருக்கலாம், எத்தனை கோப்புகளுக்கும் இருக்கலாம்.

கழித்தல் குறியுள்ள வரி நீங்கும், கூட்டல் குறியுள்ளது சேரும். குறியில்லாத வரிகளின் முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது பாருங்கள். அவை மாறாத சுற்றுவரிகள். வழக்கமாக மாற்றத்துக்கு மேலே மூன்று, கீழே மூன்று. இங்கே கீழே ஒரே வரிதான் மிச்சம் என்பதால் ஒன்று.

வரி எண் கொடுத்தாகிவிட்டதே, சுற்றுவரிகள் எதற்கு? நீங்கள் பேட்ச் எடுத்தபின் குவாட்ர போர்ன் நண்பர் தம் பிரதியின் தொடக்கத்தில் ஆறு வரிகளைச் சேர்த்திருக்கலாம். எண்ணை மட்டும் நம்பினால் திருத்தம் வேறு யார் தலையிலோ விழும். அதனால் பேட்ச் எண்ணை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. அங்கே சுற்றுவரிகள் பொருந்தவில்லை என்றால் மேலும் கீழும் நகர்ந்து தேடுகிறது. ஒன்பதாவது வரியில் கிடைத்தால் அங்கே திருத்திவிட்டு, ஆறு வரி தள்ளிப் பொருத்தினேன் என்று சொல்லிவிடும். இந்தப் பண்பு இருப்பதால்தான் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பலர் ஒரே கோப்பில் வேலை செய்ய முடிகிறது.

டிஃப்புக்குப் புரியாத ஒன்றும் உண்டு. ஒரு வரி இடம் மாறியது என்பதை அது அறியாது. நம் ரூபாய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் வெளியான நோட்டுகளில் ஆங்கிலம், தேவநாகரி, தமிழ் என்ற வரிசை இருந்தது. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபின் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் பழையபடி இரண்டாம் இடத்தில் இருந்தது. அந்த வரிசையை மூன்று வரிக் கோப்பாக எழுதி டிஃப் எடுத்தால் இதுபோல வரலாம்:

```
 ஆங்கிலம்
-தேவநாகரி
 தமிழ்
+தேவநாகரி
```

தமிழ் மேலே ஏறியது என்பது நமக்குத்தான் தெரியும். டிஃப்பின் கணக்கில் ஒரு வரி நீங்கியது, அதே வரி கீழே புதிதாகச் சேர்ந்தது. ஆகவே பெரிய பேட்ச்சில் நூறு வரிகள் நீங்கியதாகக் கண்டால் உடனே பதறாதீர்கள். அதே நூறு வரிகள் வேறெங்காவது கூட்டல் குறியோடு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பொருத்துதல்

மாற்றம் போக வேண்டிய கோப்பு இருக்கும் கோப்புறைக்குச் செல்லுங்கள். முதலில் ஒத்திகை:

```
பேட்ச் --ட்ரை-ரன் பழைய.உரை < திருத்தம்.பேட்ச்
```

இது கோப்பில் ஒரு எழுத்தையும் மாற்றாது, மாற்றினால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். புகார் எதுவும் வராவிட்டால் அந்த ஒத்திகைத் தெரிவை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் -பி சேர்த்து, அதே கட்டளையை மீண்டும் தட்டுங்கள்:

```
பேட்ச் -பி பழைய.உரை < திருத்தம்.பேட்ச்
```

இங்கே பி என்பது பனானாவின் பி. மாற்றுவதற்கு முன் இருந்த கோப்பை ஆரிஜ் என்ற பின்னொட்டோடு பத்திரமாக வைக்கச் சொல்கிறோம். கிட் இல்லாத இடத்தில் இந்தத் தெரிவு இல்லாமல் நான் பேட்ச் போடுவதில்லை.

கோப்பின் பெயரைக் கட்டளையில் கொடுத்திருப்பதையும் கவனியுங்கள். கொடுக்காவிட்டால் பேட்ச் தலைப்பிலுள்ள இரண்டு பெயர்களில் ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும். இரண்டு கோப்பும் ஒரே இடத்தில் இருந்தால் அது எதை எடுக்கும் என்று ஊகித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

பல கோப்புகளைத் தொடும் பேட்ச் என்றால் இப்படிப் பெயர் கொடுக்க முடியாது. அங்கேதான் பாரிஸின் பி வருகிறது. கிட் தரும் பேட்ச்சில் தலைப்பு இப்படி இருக்கும்:

```
--- ஏ/தளம்/பக்கங்கள்/விடுமுறை.உரை
+++ பி/தளம்/பக்கங்கள்/விடுமுறை.உரை
```

முன்னால் நிற்கும் ஏ, பி இரண்டும் உண்மையான கோப்புறைகள் அல்ல. பழையது, புதியது என்று காட்டுவதற்குக் கிட் ஒட்டும் அடையாளங்கள். பேட்ச்சிடம் பாதையின் முன்பகுதியில் எத்தனை படிகளை வெட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். பி0 என்றால் எதையும் வெட்டாதே. பி1 என்றால் ஏ என்ற அடையாளம் மட்டும் போகும், தளம்/பக்கங்கள்/விடுமுறை.உரை மிஞ்சும். பி2 என்றால் தளமும் போய்விடும். ஆகவே தளம் என்ற கோப்புறை தெரியும் இடத்தில் நின்றுகொண்டு, கட்டளையில் கோப்பின் பெயர் இருந்த இடத்தில் -பி1 கொடுங்கள். தளத்துக்கு உள்ளே போய்விட்டீர்கள் என்றால் பி2. பத்தில் ஒன்பது தடவை பி1தான் சரியாக இருக்கும்.

எண் தவறினால் எந்தக் கோப்பைத் திருத்துவது என்று பேட்ச் உங்களிடமே கேட்கும். புதியவர்கள் இங்கே ஏதோ ஒரு பெயரைத் தட்டிவிடுகிறார்கள். வேண்டாம். கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தி வெளியே வாருங்கள். நீங்கள் நிற்கும் கோப்புறை எது, தலைப்பில் உள்ள பாதை எது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விடை அந்த இரண்டில்தான் இருக்கிறது.

பேட்ச் பேசும்போது

துண்டு பொருந்தியது, இத்தனை வரி தள்ளி, அதாவது ஆஃப்செட் என்று வந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஃபஸ் 1, ஃபஸ் 2 என்று வந்தால் நின்று பாருங்கள். சுற்றுவரிகள் முழுதாகப் பொருந்தாததால் ஓரத்து வரிகளைப் பொருட்படுத்தாமல் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும் கோப்பில், மெனு பட்டியலோ விலைப்பட்டியலோ, தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கவும் கூடும். திறந்து கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

ஃபெயில்ட் என்று வந்தால் அந்தத் துண்டு பொருந்தவில்லை. அதைப் பேட்ச் தூக்கி எறிவதில்லை, ரெஜ் என்ற பின்னொட்டுள்ள ஒரு கோப்பில் எழுதி வைக்கும். மற்ற துண்டுகள் உள்ளே போய்விட்டன என்பதை மறக்காதீர்கள். இப்போது உங்கள் கோப்பு பாதி புதியது, பாதி பழையது. ரெஜ் கோப்பைத் திறந்து, மூலத்தில் அந்த இடத்தைத் தேடி, அந்தத் துண்டை மட்டும் கையால் செய்து முடிக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

இன்னொரு செய்தி: இந்தப் பேட்ச் தலைகீழாக இருக்கிறது, அல்லது ஏற்கெனவே போட்டாகிவிட்டது, திருப்பிப் போடட்டுமா? "அண்ணா, ஒய் தட்டவா?" என்று சனிக்கிழமைகளில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியதுதான். தட்டாதே தம்பி. அநேகமாக வேறொருவர் அதே திருத்தத்தை முன்பே போட்டிருப்பார். ஒய் என்றால் அவர் போட்டதையும் சேர்த்து நீக்கிவிடும். வேண்டாம் என்பதற்கான 'என்' எழுத்தைத் தட்டிவிட்டு, அடுத்து வரும் கேள்விக்கும் அதையே தட்டிவிட்டு, கோப்பைப் பாருங்கள். உண்மையிலேயே ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் பெரிய ஆர் என்ற தெரிவை நீங்களே கொடுத்து அதே பேட்ச்சைப் போடலாம். கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும்.

மால்ஃபார்ம்ட் என்று வந்தால் பேட்ச் கோப்பே சிதைந்திருக்கிறது. யாரோ கையால் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மேலே உள்ள எண்ணிக்கையை மாற்றாமல் விட்டிருப்பார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் பேட்ச்களில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. வரிகள் சரியாக இருக்கும், 3,5 என்ற கணக்கு பிசகியிருக்கும். கிட் அப்ளை கட்டளையோடு ரீகவுன்ட் என்ற தெரிவைக் கொடுத்தால் அந்த எண்களை நம்பாமல் அதுவே எண்ணிக்கொள்ளும்.

கிட் இருந்தால்

கோப்புகள் கிட் களஞ்சியத்தில், அதாவது கிட் வரலாறு வைத்துக் கண்காணிக்கும் கோப்புறையில், இருந்தால் பேட்ச்சைவிடக் கிட் அப்ளை பாதுகாப்பானது. மூன்று கட்டளைகள், இதே வரிசையில்:

```
கிட் அப்ளை --ஸ்டாட் திருத்தம்.பேட்ச்
கிட் அப்ளை --செக் திருத்தம்.பேட்ச்
கிட் அப்ளை திருத்தம்.பேட்ச்
```

முதலாவது எந்தெந்தக் கோப்பில் எத்தனை வரி என்று மட்டும் காட்டும். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியதாகச் சொல்லி வந்த பேட்ச் பதினைந்து கோப்பைத் தொடுகிறது என்றால் இங்கேயே தெரிந்துவிடும், அனுப்பியவரிடம் கேட்டுவிடலாம். இரண்டாவது ஒத்திகை. அது மௌனமாக இருந்தால் மூன்றாவதைத் தட்டுங்கள்.

கிட் அப்ளைக்குத் தாராள மனம் கிடையாது. சுற்றுவரிகள் அப்படியே பொருந்த வேண்டும். ஒரு துண்டு தோற்றாலும் மொத்தத்தையும் மறுத்துவிடும். பாதி புதியது, பாதி பழையது என்ற நிலை இங்கே வராது. பொருந்தாதபோது 3வே என்ற தெரிவைக் கொடுத்தால், மூலப் பதிப்பு களஞ்சியத்தில் இருக்கும்பட்சத்தில் அது, உங்கள் கோப்பு, பேட்ச் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு இணைக்கப் பார்க்கும். மோதல் இருந்தால் கோப்பிலேயே அடையாளமிட்டுக் காட்டும்.

ஒரு பொறி உண்டு. களஞ்சியத்தின் உள்கோப்புறை ஒன்றில் நின்றுகொண்டு கிட் அப்ளை தட்டினால், அதற்கு வெளியே உள்ள கோப்புகளுக்கான மாற்றங்களை அது சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி வராது, மாற்றமும் நடக்காது. எப்போதும் களஞ்சியத்தின் உச்சிக் கோப்புறையில் நின்று தட்டுங்கள்.

போட்டபின் கிட் டிஃப் என்று தட்டினால் நீங்கள் பொருத்தியது திரும்பத் திரையில் வரும். பிடிக்கவில்லையா? கிட் ரெஸ்டோர், ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். பழைய நிலை வந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பில் நீங்கள் கமிட் செய்யாமல், அதாவது களஞ்சியத்தில் பதியாமல், வைத்திருந்த சொந்த மாற்றங்களும் சேர்ந்து போய்விடும். ஆகையால் பேட்ச் போடும் முன் உங்கள் வேலையைக் கமிட் செய்துவிடுங்கள்.

தமிழ் உள்ள கோப்புகளில் வரும் தொல்லைகள்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. நமக்கோ தினப்படி விவகாரம்.

முதலாவது, கோப்புப் பெயர். தமிழில் பெயர் வைத்தால் கருவிகள் ஓடத்தான் செய்யும். ஆனால் கிட் அந்தப் பெயரை \340\256 என்று தொடங்கும் நீண்ட எண் கோவையாகக் காட்டும். சில கணினிகளில் டிஃப்பும் அப்படியே செய்யும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு தமிழ்க் குறி கணினியில் மூன்று பைட்டாக இருக்கிறது, அந்தப் பைட்டுகளின் எண்தான் அது. கிட்டில் கோர்.க்வோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும். இருந்தாலும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து உள்ளடக்கத்தைத் தமிழில் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

இரண்டாவது, டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிவது. கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும், புள்ளி நகர்ந்திருக்கும். பல முனையங்கள் ஒவ்வொரு குறிக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குவதால் வரும் கோளாறு இது, கோப்பில் பிழையில்லை. தமிழ்ப் பேட்ச்சை டெர்மினலில் படிக்காமல் விஎஸ் கோட் போன்ற எடிட்டரில் திறந்து படியுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான தலைவலி. டிஃப் இப்படி ஒன்றைக் காட்டுகிறது:

```
-கொடியேற்றம் காலை 6 மணி
+கொடியேற்றம் காலை 6 மணி
```

இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கருவி பொய் சொல்லவில்லை. கொ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். க என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் வேறுபாடு தெரியாது. வரியை ஒரு கோப்பில் இட்டு ஓடி -பி என்று பாருங்கள். கட்டளை ஓ, டி என்ற இரண்டு எழுத்து, பி மீண்டும் பனானாவின் பி. முதல் விதத்தில் கொ என்ற எழுத்துக்கு 340 256 225 340 257 212 என்று ஆறு எண்கள் வரும். இரண்டாவதில் 340 256 225 340 257 206 340 256 276 என்று ஒன்பது வரும். கோ, கௌ போன்ற எழுத்துகளிலும் இதே கதை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் இரண்டாவது விதத்தைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட கோப்பில் பேட்ச் தோற்றால் சுற்றுவரிகளை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் காரணம் தெரியாது. எல்லாக் கோப்புகளையும் ஒரே தடவை என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுவதே தீர்வு. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் இதற்கு நேரடியான செயற்கூறு இருக்கிறது. அந்த மாற்றத்தைத் தனிக் கமிட்டாகச் செய்யுங்கள். வேறு திருத்தத்தோடு கலந்தால் பேட்ச் படிக்க முடியாததாகிவிடும்.

ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வரிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு, அவை எல்லா மொழிக்கும் பொது. வரியின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கலாம், டேப் இடைவெளியாகியிருக்கலாம். விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் குறி இருக்கும். கோப்பின் எல்லா வரிகளும் நீங்கி எல்லா வரிகளும் சேர்ந்ததாக டிஃப் காட்டினால் அநேகமாக இந்த வரிமுடிவுதான் காரணம். எடிட்டரின் கீழ்ப்பட்டையில் சிஆர்எல்எஃப் என்று இருக்கும். அதை எல்எஃப் ஆக்கிச் சேமித்துவிட்டு மீண்டும் டிஃப் எடுங்கள்.

தமிழ் உரைநடையை ஒரு பத்தி ஒரே வரி என்று எழுதி வைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சொல் மாறினாலும் பத்தி முழுதும் நீங்கிச் சேர்ந்ததாகத்தான் காட்டும். கிட் டிஃப்போடு வேர்ட்-டிஃப் என்ற தெரிவைக் கொடுத்தால் மாறிய சொல் மட்டும் அடையாளத்தோடு தெரியும். அது படிக்க மட்டும்தான், அந்த வெளியீட்டைப் பேட்ச்சாகப் பொருத்த முடியாது.

அனுப்புதல்

கிட்டில் கடைசிக் கமிட்டைப் பேட்ச்சாக்க:

```
கிட் ஃபார்மட்-பேட்ச் -1
```

இதில் உங்கள் பெயரும் தேதியும் கமிட் செய்தியும் சேர்ந்தே போகும். பெறுகிறவர் கிட் ஏஎம் என்ற கட்டளையால் போட்டால் மாற்றத்தோடு அந்த விவரங்களும் அவருடைய களஞ்சியத்தில் பதிவாகும். யார் திருத்தியது என்ற கேள்வி பின்னால் எழாது.

செய்தியை ஒழுங்காக எழுதுங்கள். 'திருத்தம்', 'புதுத் திருத்தம்', 'கடைசித் திருத்தம்' என்று வந்தால் யாருக்கு என்ன தெரியும்? நல்ல மாதிரி வேண்டுமானால் உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தைப் பாருங்கள். மொரீஷியஸ் 2008 அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் 2009 மார்ச் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துப் பார்த்தது, பிறகு கைவிட்டது. அந்த ஒரு கோடைக்கான விதிகள் அங்கே சில வரிகளாக இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தேதியொன்றைக் கணினியில் கணக்கிட்டால் நேரம் சரியாக வருவது அவற்றால்தான். அந்தக் கோப்புகளில் விதிக்கு மேலே, எந்த அறிவிப்பை வைத்து இதை எழுதினோம் என்ற குறிப்பும் இருப்பது வழக்கம். அதுபோல 'வருகை நாள் நவம்பர் 2, பட்டியலில் 1 என்று இருந்ததை மாற்றினேன்' என்று ஒரே வரி எழுதினாலும் போதும்.

பேட்ச்சை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் கோப்பாக இணைத்து அனுப்புங்கள், செய்திப் பெட்டியில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் உள்ளது தடித்த எழுத்தாகும், கீழ்க்கோடுகளுக்கு நடுவில் உள்ளது சாய்ந்த எழுத்தாகும், வரியின் தொடக்கத்து இடைவெளியும் தொலைந்துபோகலாம். அந்த ஓர் இடைவெளி போனால் சுற்றுவரி சுற்றுவரியாக இராது. மின்னஞ்சலின் உடலில் ஒட்டினாலும் நீண்ட வரிகள் மடிந்துவிடும் ஆபத்து உண்டு.

முகம் தெரியாதவர் அனுப்பிய பேட்ச்சை சூடோ கொடுத்து நிர்வாகி உரிமையோடு போடாதீர்கள். இணையத்தில் கிடைத்த நிரலை ஓட்டுவதற்கு எவ்வளவு யோசிப்போமோ அவ்வளவு இதற்கும் யோசிக்க வேண்டும், உள்ளே வருவதும் நிரல்தானே.

எல்லாம் முடிந்தபின் கோப்புறையில் ஆரிஜ், ரெஜ் பின்னொட்டுள்ள கோப்புகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். ரெஜ் கிடந்தால் வேலை இன்னும் முடியவில்லை, அதைத் திறந்து முடித்துவிட்டு அழியுங்கள். ஆரிஜ் கோப்பை ஒரு நாள் விட்டுவைத்து, தளம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்தபின் அழிக்கலாம். இரண்டு பின்னொட்டுகளையும் கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றைப் பட்டியலிடும் .கிட்இக்னோர் கோப்பில் எழுதி வைத்துவிட்டால் தவறுதலாகக் கமிட்டுக்குள் நுழையமாட்டா.